பாதாம் வறுக்க எது தோது: இரும்புச் சட்டியா, நெய்யா, ஓடிஜியா?

கால் கிலோ பாதாம் வாங்கி வந்தாயிற்று. எதில் வறுப்பது என்று கேட்டால் வீட்டுக்கு வீடு ஒரு பதில் வரும். இரும்புச் சட்டி போதும் என்பார்கள் சிலர். நெய்யில் போட்டால்தான் மணம் என்பார்கள் வேறு சிலர். ஓடிஜி என்ற சிறிய மின்சார அடுப்பு வைத்திருப்பவர்கள் அதில்தான் சீராக வரும் என்பார்கள். ஏர் ஃபிரையர், மைக்ரோவேவ், உப்புச் சட்டி என்று இன்னும் மூன்று வழி இருக்கிறது. எல்லாவற்றிலும் பாதாம் வறுபடும். ஆனால் அடுப்பைப் பற்றி யோசிக்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது, இந்தப் பாதாம் எந்தப் பண்டத்துக்குள் போகப்போகிறது என்பதைத்தான். பொடிக்கு ஏற்ற வறுவல் பாயசத்துக்கு ஒத்துவராது. பாயசத்துக்கு ஏற்ற வறுவலை டப்பாவில் அடைத்து மாதக் கணக்கில் கொறிக்க முடியாது. அல்வாவுக்கோ வறுக்கவே கூடாது.

வறுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிது. பச்சைப் பாதாமின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். தண்ணீர் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் இருக்கும். முதலில் அந்தத் தண்ணீர் வெளியேற வேண்டும். அது போனபிறகுதான் பருப்பில் இருக்கும் கொஞ்சநஞ்சச் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து சிவந்து, நமக்குத் தெரிந்த அந்த மணத்தைக் கொடுக்கும். தடித்த பருப்பு என்பதால் சூடு நடுவுக்குப் போக நேரம் பிடிக்கும். தீயைக் கூட்டினால் தோல் கருகும், நடு பச்சையாகவே நிற்கும். பாதாம் வறுப்பதில் வரும் கோளாறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு காரணத்தால் வருவதுதான். எந்தச் சாதனமானாலும் அது நடுவுக்கு எவ்வளவு மெதுவாக, எவ்வளவு சீராகச் சூட்டைக் கொண்டுபோகிறது என்பதை வைத்தே அதை எடைபோட வேண்டும்.

இரும்புச் சட்டி

நூறு முதல் இருநூறு கிராம் வரை வறுக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பதே எங்கள் கருத்து. அடி கனத்த இரும்பு வாணலியோ வார்ப்புச் சட்டியோ வேண்டும். மெல்லிய எவர்சில்வர் வாணலியில் தீ படும் இடம் மட்டும் கொதித்து, அங்கே கிடக்கும் பருப்பில் கரும்புள்ளி விழும். நான்ஸ்டிக்கை வெறுமையாகச் சூடேற்றுவது அதன் பூச்சுக்கு நல்லதில்லை. இரும்பு இல்லாத வீட்டில் கனமான அலுமினிய வாணலி பரவாயில்லை.

சிறிய பர்னரில், சிறு தீயில், சட்டியை இரண்டு நிமிடம் காயவிடுங்கள். எண்ணெய் எதுவும் வேண்டாம். தோலோடு முழுப் பாதாமைப் போட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். ஏறி நின்றால் சட்டிக்கு அது அதிகம் என்று பொருள், இரண்டு தடவையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு நிமிடம் அரை நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டினால் போதும். அப்போது வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே ஈரம் போய்க்கொண்டிருக்கும். ஐந்தாம் நிமிடத்திலிருந்து கை நிற்கக் கூடாது. ஏழெட்டு நிமிடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சடசடவென்று தோல் வெடிக்கும். மணமும் அப்போதுதான் எழும். அந்தச் சத்தம் கேட்டபிறகு இன்னும் இரண்டு மூன்று நிமிடம். மொத்தம் பத்திலிருந்து பன்னிரண்டு நிமிடம் ஆகும்.

நேரத்தைவிட நம்பத்தக்க சோதனை கத்திதான். எட்டாம் நிமிடத்தில் ஒன்றை எடுத்து, ஒரு நிமிடம் ஆறவிட்டு, குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடு வெள்ளையாக இருந்தால் இன்னும் வறுக்க வேண்டும். வெளிறிய சந்தன நிறம் வந்திருந்தால் இறக்கிவிட வேண்டும். பழுப்பாகத் தெரிந்தால் ஏற்கெனவே தாமதம். தோலின் நிறத்தை நம்பாதீர்கள். அது தொடக்கத்திலேயே பழுப்பு, கருகுவது கண்ணுக்குத் தெரிவதற்குள் உள்ளே கசப்பேறிவிடும்.

இங்கே புதிதாக வறுப்பவர்கள் தவறாமல் தடுமாறும் ஓர் இடம் உண்டு. சூடான பாதாம் மெத்தென்று இருக்கும். கடித்துப் பார்த்துவிட்டு, ‘இன்னும் மொறுமொறுப்பு வரவில்லையே’ என்று தீயைக் கூட்டுவார்கள். மொறுமொறுப்பு ஆறினால்தான் வரும், அதற்கு இருபது நிமிடமாவது ஆகும். அதோடு, தீயை அணைத்தபிறகும் இரும்பின் சூடு வறுத்துக்கொண்டே இருக்கும். அதனால் நினைத்த நிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே அகலமான தாம்பாளத்தில் கொட்டிப் பரப்பிவிட வேண்டும். செய்தித்தாளில் கொட்டாதீர்கள், சூட்டில் மை ஒட்டும்.

சட்டியின் குறை என்னவென்றால், பன்னிரண்டு நிமிடமும் ஆள் அங்கேயே நிற்க வேண்டும். சித்திரை வெயிலில் அடுப்படியில் அப்படி நிற்பது சின்ன வேலையில்லை. அரைக் கிலோ, ஒரு கிலோ என்று தீபாவளிக்கு வறுப்பவர்களுக்கு இது நான்கைந்து சுற்று வேலை. அங்கேதான் ஓடிஜி கைகொடுக்கும்.

ஓடிஜியும் ஏர் ஃபிரையரும்

ஓடிஜியின் பலம் அளவில் இருக்கிறது. கால் கிலோவுக்கு மேல் வறுப்பதென்றால் அதைப் போடலாம். நூறு கிராமுக்காகப் பத்து நிமிடம் முன்சூடேற்றுவது வீண். 150 டிகிரி செல்சியஸில், மேல் கீழ் இரண்டு கம்பியும் எரியும்படி வைத்து, நடுத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, முழுப் பாதாமுக்குப் பதினைந்து முதல் பதினெட்டு நிமிடம். பாதியில் ஒருமுறை வெளியே எடுத்துக் கிளறி, தட்டை முன்பின்னாகத் திருப்பி வையுங்கள். சிறிய ஓடிஜிகளில் பின்பக்க மூலையும் கம்பிக்கு அருகில் இருக்கும் இடமும் சூடு கூடியவை, அங்கே கிடப்பது முதலில் கருகும். 175 டிகிரியில் வைத்தால் ஒன்பது பத்து நிமிடத்தில் முடியும். ஆனால் ஒரு நிமிடம் பிந்தினாலும் தட்டு முழுக்கப் போய்விடும். வீட்டு ஓடிஜியின் திருகு காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் பத்திருபது டிகிரி வேறுபடுவது சாதாரணம். ஆகவே முதல் தடவை 150-இல் வைத்து, பன்னிரண்டாம் நிமிடத்தில் ஒன்றை வெட்டிப் பார்த்து, உங்கள் அடுப்பின் நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரச் செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. 1500 வாட்ஸ் ஓடிஜி அரை மணி நேரம் விடாமல் எரிந்தாலும் முக்கால் யூனிட்தான்.

குறைந்த சூட்டை நாங்கள் வற்புறுத்த இன்னொரு காரணமும் உண்டு. அதிகச் சூட்டில் நிறம் கருக்கக் கருக்க அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் பருப்பில் கூடுகிறது. வெளிர் வறுவல் சுவைக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது.

ஏர் ஃபிரையர் கிட்டத்தட்ட அதே வேலையை விரைவாகச் செய்யும். 150 டிகிரியில் ஏழெட்டு நிமிடம், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கூடையைக் குலுக்க வேண்டும். முழுப் பாதாமுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். சீவிய பாதாமைப் போட்டால் காற்று அதைத் தூக்கி மேலே கம்பியில் கொண்டுபோய் ஒட்டவைக்கும், புகையும். முன்பு வறுத்த மீன், கோழி வாடை கூடையில் இருந்தால் பாதாம் அதை அப்படியே வாங்கிக்கொள்ளும். அதில் செய்த பாதாம் பாலைக் குடிக்க முடியாது.

மைக்ரோவேவைக் கடைசி இடத்தில்தான் வைப்போம். அது பருப்பின் உள்ளேயும் நேராகச் சூடேற்றும், தோலில் எதுவும் தெரியாது, ஆனால் நடு கருகியிருக்கும். வேறு வழியில்லை என்றால் ஐம்பது கிராமைக் கண்ணாடித் தட்டில் பரப்பி, முதலில் ஒரு நிமிடம், பிறகு அரை அரை நிமிடமாக, ஒவ்வொரு முறையும் கிளறி, ஒன்றை வெட்டிப் பார்த்து நிறுத்துங்கள். பெரும்பாலும் மூன்று நான்கு நிமிடத்துக்குள் முடியும். நமத்த பாதாமை மீட்க மட்டும் அது உண்மையிலேயே நல்ல சாதனம்.

உப்புச் சட்டி

வேர்க்கடலை வண்டிக்காரர்கள் மணலில் வறுப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். சூடான மணல் பருப்பை எல்லாப் பக்கமும் சூழ்ந்துகொள்வதால் ஒரு புள்ளிகூடத் தனியாகக் கருகாது. வீட்டில் மணலுக்குப் பதில் உப்பு. கனத்த இரும்புச் சட்டியில் ஒரு கிலோ கல் உப்பைக் கொட்டி நடுத்தரத் தீயில் சூடேற்றுங்கள். படிகத்துக்குள் சிக்கியிருக்கும் ஈரத்தால் முதலில் உப்பு பொரிந்து தெறிக்கும், கண்ணில் படாமல் தள்ளி நில்லுங்கள். தெறிப்பது நின்றதும் தீயைக் குறைத்து, கால் கிலோ பாதாமைப் போட்டு, அடியிலிருந்து மேலாக உப்பைத் தூக்கித் தூக்கிப் புரட்டுங்கள். ஆறிலிருந்து எட்டு நிமிடம். இரும்புச் சல்லடையில் கொட்டிச் சலித்தால் உப்பு கீழே போய்விடும்.

கொறிக்க வைக்கும் முழுப் பாதாமுக்கு இதன் பக்குவம் மற்ற எதற்கும் வராது. உள்ளே வெளியே ஒரே நிறம், கடித்தால் கண்ணாடி உடைவதுபோல் உடையும். உப்பு உள்ளே இறங்காது, தோலில் தூசிபோல் கொஞ்சம் ஒட்டும், அவ்வளவுதான். தோலுரித்த பாதாமை இதில் போடக் கூடாது. ஈரம் இருந்தால் உப்பு அப்பிக்கொள்ளும், பிறகு எந்தப் பண்டத்துக்கும் ஆகாது. அதே காரணத்தால், இனிப்புக்குள் போகிற பாதாமுக்கும் இந்த வழி வேண்டாம். உப்பை ஆறவைத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த தடவைக்கும் அதுவே ஆகும். நிறம் மங்கும், பாதகமில்லை. சமையலுக்கு மட்டும் எடுக்காதீர்கள்.

கொறிக்கும் பாதாமில் உப்பு ஒட்ட வேண்டும் என்பவர்கள் வறுத்தபிறகு தூள் உப்பைத் தூவுவார்கள், அது டப்பாவின் அடியில்தான் கிடக்கும். கால் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி உப்பை ஒரு மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்து, உப்பில்லாத வெறும் சட்டியில் வறுவல் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது சுற்றிலும் தெளித்துப் புரட்டுங்கள். தண்ணீர் ஆவியாகி உப்பு தோலில் வெள்ளையாகப் படிந்துவிடும். மிளகுத்தூள், மிளகாய்த்தூள் போடுவதென்றால் தீயை அணைத்தபின் போடுங்கள், மிளகாய்த்தூள் சூட்டில் நொடியில் கருகும்.

நெய்

நெய்யில் பொரிப்பது தனி வேலை. அதைச் சட்டி வறுவலோடு போட்டிக்கு நிறுத்துவது சரியில்லை. பாயசம், சர்க்கரைப் பொங்கல், கேசரி, நெய்ச்சோறு, பிரியாணி ஆகியவற்றின் மேலே தூவுவதற்கு நெய்தான். பருப்பின் மணமும் நெய்யின் மணமும் சேர்ந்து பண்டம் முழுக்கப் பரவ வேண்டும், உலர்ந்த வறுவலால் அது முடியாது. வறுத்த நெய்யையும் அந்தப் பண்டத்திலேயே ஊற்றிவிட வேண்டும்.

முழுப் பாதாமை நெய்யில் போடாதீர்கள். தோல் உப்பிப் பிரிந்து நெய்யில் மிதக்கும், நடு வேகாது. இரண்டாகப் பிளந்தோ நீளவாக்கில் சீவியோ போட வேண்டும். ஐம்பது கிராமுக்கு இரண்டு மேசைக்கரண்டி நெய். நெய் உருகிச் சூடேறியதும், புகைக்கு வெகு முன்னாலேயே, சீவலைப் போட்டுச் சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம் கிளறுங்கள். ஓரம் மட்டும் பொன்னிறம் கண்டதும் அரிகரண்டியால் எடுத்துவிட வேண்டும். எடுத்தபிறகும் நிறம் ஏறும்.

முந்திரி, திராட்சையோடு சேர்த்து வறுக்கும்போது எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுவதால்தான் ஒன்று வெந்து ஒன்று வேகாமல் போகிறது. பாதாம் முதலில். ஒரு நிமிடம் கழித்து முந்திரி. முந்திரி வெளிர் பொன்னிறத்துக்கு வரும்போது திராட்சை, அது உப்பியதும் அடுப்பை அணைத்துவிடலாம்.

சீவுவதில் ஒரு நுணுக்கம். வறுத்த பாதாமைச் சீவினால் நொறுங்கும், பச்சையாகச் சீவினாலும் உடையும். வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, துடைத்து, அப்போது சீவுங்கள், இழை இழையாக வரும். பிறகு மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் உலர்த்தி வறுங்கள். ஈரத்தோடு நெய்யில் போட்டால் தெறிக்கும். சட்டியில் போட்டாலும் முதலில் வெந்து ரப்பர்போல் ஆகிவிடும்.

எந்தப் பண்டத்துக்கு எது

அல்வாவுக்கு வறுக்காத பாதாம்தான். நூறு கிராமைக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்துத் தோலுரித்து, கொஞ்சம் பால் சேர்த்து அரைத்து, நூறு நூற்றிருபது கிராம் சர்க்கரையும் அறுபது எழுபது கிராம் நெய்யும் ஊற்றிக் கிண்டுவது வழக்கம். ‘வறுத்துப் போட்டால் மணம் கூடுமே’ என்று தோன்றும். வறுத்த பருப்பு ஈரத்தை இழந்து இறுகியிருக்கும், பாலை உறிஞ்சாது, அரைத்தாலும் ரவையாக நிற்கும். கிண்டும்போது நெய்யோடு அதன் எண்ணெயும் பிரிந்து அல்வா திரண்டு வராமல் போகும். நிறமும் மங்கும். அல்வாவின் மணம் நெய்யிலும் குங்குமப்பூவிலும் ஏலத்திலும் இருந்து வரட்டும்.

வெள்ளைக் குருமாவுக்கும் இதே கதை. ஊறவைத்துத் தோலுரித்த பச்சைப் பாதாம்தான் பால்போல அரையும். நான்கு பேருக்குப் பன்னிரண்டு பாதாம், மூன்று மேசைக்கரண்டி தேங்காய், ஒரு தேக்கரண்டி கசகசா, அரைத் தேக்கரண்டி சோம்பு. முந்திரிக்குப் பதிலாகப் பாதாம் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முந்திரியில் மாவுச்சத்து கணிசமாக உண்டு, அது குழம்பைக் கெட்டியாக்கும். பாதாமில் அது கிட்டத்தட்ட இல்லை. அதே அளவு பாதாம் போட்டால் குருமா நீர்த்தே இருக்கும், கொதித்ததும் எண்ணெய் தனியே நிற்கும். ஒரு தேக்கரண்டி பொரிகடலையைச் சேர்த்து அரைத்தால் சரியாகிவிடும். காரமான, நிறம் அடர்ந்த கறிக் குழம்புக்கு மட்டும் வறுத்த பாதாம் அரைக்கலாம். அதற்கும் வறுத்தபின் கால் மணி நேரம் வெந்நீரில் ஊறவிடாவிட்டால் நாக்கில் நறநறக்கும்.

இட்லிப் பொடியில் பாதாம் சேர்ப்பதென்றால் சட்டி வறுவல். எழுபத்தைந்து கிராம் பாதாம், ஐம்பது கிராம் உளுந்து, ஐம்பது கிராம் கடலைப் பருப்பு, பன்னிரண்டு பதினைந்து மிளகாய் வற்றல், இரண்டு மேசைக்கரண்டி எள், பெருங்காயம், உப்பு. ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுக்க வேண்டும். பாதாமுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும், உளுந்து ஐந்தாறு நிமிடத்தில் சிவந்துவிடும், எள் ஒன்றிரண்டு நிமிடத்தில் பொரிந்துவிடும். எல்லாம் முழுக்க ஆறியபின் முதலில் பருப்புகளையும் மிளகாயையும் கொரகொரப்பாக அரைத்து, கடைசியில் பாதாமையும் எள்ளையும் போட்டு மிக்சியை விட்டு விட்டு நான்கைந்து முறை சுற்றினால் போதும். முதலிலேயே பாதாமைப் போட்டால் எண்ணெய் கசிந்து பொடி கட்டியாகி ஜாரின் அடியில் அப்பிக்கொள்ளும். சூடாக அரைத்தாலும் இதேதான் நடக்கும், கூடவே ஆவி பட்டு மூடியில் நீர் கோக்கும், பொடி ஒரு வாரத்தில் கெடும். இந்தப் பொடியில் எண்ணெய் ஏற்கெனவே இருப்பதால், இட்லிக்குக் குழைக்கும்போது நல்லெண்ணெய் வழக்கத்தில் பாதி போதும்.

லட்டுக்கும் பாதாம் பால் பொடிக்கும் நைசான தூள் வேண்டும். அதற்குச் சூத்திரம், தனியாக அரைக்காதிருப்பது. சர்க்கரையோ பொரிகடலையோ சம அளவில் சேர்த்து அரைத்தால் அது எண்ணெயை வாங்கிக்கொள்ளும், தூள் உதிரியாக நிற்கும். பாதாம் பால் பொடிக்குத் தோலுரித்த பாதாம் எடுத்து, துணியில் பரப்பி நன்றாக உலர்த்தி, மிகச் சிறு தீயில் ஆறேழு நிமிடம், நிறம் மாறாமல் ஈரம் மட்டும் போகும்படி வறுங்கள். பங்குனி சித்திரையில் மதுரை வெயிலில் இரண்டு மணி நேரத்தில் உலர்ந்துவிடும். ஐப்பசி மழைக் காலத்தில் மின்விசிறிக்கடியில் நாலைந்து மணி நேரம் வேண்டும். நூறு கிராம் பாதாம், நூறு கிராம் சர்க்கரை, நான்கு ஏலக்காய், வெதுவெதுப்பான சட்டியில் புரட்டிய ஒரு சிட்டிகை குங்குமப்பூ. அரை லிட்டர் பாலுக்கு நான்கு மேசைக்கரண்டி. இது பாலில் கரையாது, அடியில் தங்கும், பரிமாறும்போது கலக்கி ஊற்ற வேண்டும். அடுப்பிலேயே ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் ஓரளவு பிடிக்கும்.

வீட்டில் ஜிகர்தண்டா செய்கிறவர்கள் மேலே வறுத்த பாதாம் சீவலைத் தூவுவது நல்ல சேர்மானம். ஊறிய பாதாம் பிசினும் பாலும் ஐஸ்கிரீமும் எல்லாம் வழவழப்பு, அதற்கு நடுவே ஒரு மொறுமொறுப்பு வேண்டும். நெய்யில் வறுத்த சீவல் இங்கே வேண்டாம். குளிர்ந்த பாலில் நெய் உறைந்து உதட்டில் ஒட்டும். சட்டியில் எண்ணெயின்றி நான்கைந்து நிமிடம் வறுத்த சீவலைக் குடிக்கும் நேரத்தில் தூவுங்கள்.

பாதாம் வெண்ணெய் அரைப்பவர்களுக்கு மேலே சொன்னதெல்லாம் தலைகீழ். வறுத்த சூடு தணியாமல், வெதுவெதுப்பாக இருக்கும்போதே அரைக்க வேண்டும், அப்போதுதான் எண்ணெய் இளகி வரும். கால் கிலோவுக்குக் குறைந்தால் மிக்சிப் பிளேடுக்கு எட்டாது. அரை நிமிடம் ஓட்டி, ஓரத்தை வழித்துவிட்டு, ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள். முதலில் தூளாகும், பிறகு கட்டியாக உருளும், அதன்பிறகுதான் இளகும். இடையில் பயந்து தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், ஊற்றினால் இறுகிப்போகும், சீக்கிரம் கெடும். மிக்சி தானாக நின்றால் பழுதென்று நினைக்க வேண்டாம். சூட்டில் மோட்டார் தன்னைக் காத்துக்கொள்கிறது. கால் மணி நேரம் ஆறவிட்டு, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடும்.

எந்தப் பாதாம்

கடையில் சாதாரணமாகக் கிடைப்பது கலிபோர்னியா. பெரியது, ஒரே அளவு, அதனால் ஒரே நேரத்தில் வறுபடும். வறுக்க இதுவே தோது. மாம்ரா என்ற ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்துப் பாதாம் அதைவிடப் பல மடங்கு விலை. எண்ணெய் கூடியது, சுருங்கி வளைந்து, ஒன்றுக்கொன்று அளவு மாறியிருக்கும். வறுத்தால் சிறியது கருகிப் பெரியது வேகாமல் நிற்கும். அந்த விலை கொடுத்து வாங்கியதை ஊறவைத்துத் தின்பதே நியாயம். குர்பந்தி சின்னது, மணம் அருமை, ஆனால் இடையிடையே கசப்புப் பருப்பு வரும். கசப்புப் பாதாமில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது, வறுப்பதால் அது பத்திரமானதாகிவிடும் என்று நம்ப முடியாது. கசந்தால் உடனே துப்பிவிட வேண்டும், குழந்தைகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம். அரைக்கும் பண்டத்துக்குக் குர்பந்தியைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு கசப்புப் பருப்பு விழுந்தால் பாத்திரம் முழுக்கக் கசக்கும்.

அமெரிக்காவில் 2007 முதல் கலிபோர்னியப் பாதாமை அந்நாட்டுச் சந்தைக்கு அனுப்பும் முன் கிருமிநீக்கம் செய்தாக வேண்டும் என்ற விதி உண்டு. வட அமெரிக்காவுக்கு வெளியே போகும் சரக்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சாக்கில் திறந்து வைத்து விற்பதை வாங்குகிறவர்கள் நடுவரை சூடேறும்படி முழுமையாக வறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வாங்கும்போது இரண்டை மென்று பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் எந்த வறுவலும் அதைத் திருத்தாது, வறுத்தால் வாடை இன்னும் எடுப்பாகத் தெரியும்.

வைத்திருப்பது

பச்சைப் பாதாம் ஃபிரிட்ஜில் மாதக் கணக்கில் நிற்கும். வறுத்ததற்கு அந்த ஆயுள் கிடையாது. வறுக்கும்போது பருப்பின் உட்புறம் நுண்ணிய துளைகளாகத் திறந்துகொள்கிறது, எண்ணெய் காற்றோடு சேர்கிறது. சித்திரை, வைகாசியில் வெளியே வெயில் நாற்பது டிகிரியைத் தொடும்போது அடுப்பு மேலே அலமாரியில் வைத்த டப்பா இரண்டு வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும். ஆகவே ஒரு மாதத்துக்குச் சேர்த்து வறுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பச்சையாகச் சேமித்து, பத்து நாளுக்கு வேண்டியதை மட்டும் வறுத்து, காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவிலோ கண்ணாடிப் புட்டியிலோ விளிம்புவரை நிரப்பி வையுங்கள். மொத்தமாக வறுத்தே ஆக வேண்டுமென்றால் சிறு சிறு பொட்டலமாக ஃபிரீசரில். எடுத்ததும் திறக்காமல், அறைச் சூட்டுக்கு வந்தபின் திறந்தால் நீர் கோக்காது. நெய்யில் வறுத்ததைச் சேமிக்கவே வேண்டாம், அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

தோல் மட்டும் கருகி உள்ளே சந்தன நிறமாகவே இருந்தால் அந்தப் பாதாம் வீணில்லை. சூட்டோடு கெட்டித் துணியில் கொட்டி மூட்டையாகப் பிடித்துத் தேய்த்தால் கருகிய தோல் உரிந்துவிடும், மிச்சத்தைப் பொடிக்கு எடுத்துக்கொள்ளலாம். உள்ளேயும் பழுப்பாகியிருந்தால் தூக்கிப் போடத்தான் வேண்டும். நல்லதோடு கலந்து அரைத்தால் நல்லதும் கெடும். மழைக் காலத்தில் நமத்துப்போனதை மீட்பது எளிது. இரும்புச் சட்டியில் மிகச் சிறு தீயில் மூன்று நிமிடம், அல்லது மைக்ரோவேவில் அரை நிமிடம், பிறகு தாம்பாளத்தில் பரப்பி இருபது நிமிடம் ஆறவிட்டு டப்பாவை மூடுங்கள். ஆறும் முன் மூடினால் மறுநாள் காலையில் மறுபடி நமத்துக் கிடக்கும்.